எத்தனை வேகம்!

அரசாங்க இலாகாக்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே குறை சொல்லத் தொடங்கிவிடுகிறது. கவுண்டரில் ஆளில்லை, நம்பர் எடுத்துக் காத்திருந்தேன், நாளைக்கு வரச் சொன்னார்கள் என்று. முப்பத்தொரு வருஷம் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்தவன் நான். நன்றாகச் செய்த பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்திப் பாராட்டாமல் விடுவது பாவம் என்று நம்புகிறவன். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். 2025-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் எங்கள் பேராக் மாநிலத்தில் இலாகாக்கள் காட்டிய வேகத்தை நான் பாராட்டியே ஆக வேண்டும். கிண்டலாகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற ஒவ்வொன்றும் நடந்தது. ஒவ்வொன்றும் பாராட்டுக்கு உரியது.

அந்த ஆண்டு சித்ரா பௌர்ணமி மே 12, திங்கட்கிழமை. விசாக தினமும் அன்றைக்கே வந்ததால் நாடு முழுக்க விடுமுறை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி என்றால் பேராக் தமிழனுக்கு இன்னொரு தைப்பூசம். எங்கள் பாட்டி கடைசி வரை அந்த ஊரைத் தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார். ஈப்போ, தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் என்று எங்கெங்கிருந்தோ சனம் வரும். ரப்பர் தோட்டம் போய், லய வீடுகள் இடிந்து, தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறிப்போனவர்கள், அடுத்த வீட்டில் இருந்தவர்களை வருஷத்துக்கு ஒரு முறை கண்டு பேசுவது அந்தக் கூட்டத்தில்தான். நானும் மனைவியும் போயிருந்தோம்.

தேர் வரும் வழியில் நெரிசல். மனைவியின் செருப்பு ஒன்று கழன்று கூட்டத்துக்குள் போய்விட்டது. ஓரத்தில் காவலுக்கு நின்ற நீலச் சீருடைக்காரர் ஒருவர், மலாய்ப் பையன், இருபத்தைந்து வயதுதான் இருக்கும், குனிந்து நாலு கால்களுக்கிடையில் கையை விட்டு அதைத் தேடி எடுத்தார். கையில் கொடுக்கவில்லை. அவள் காலுக்கு முன்னால் நேராக வைத்தார். "பெலான் பெலான், மக்சிக்" என்றார். மெதுவா, மெதுவா, அம்மா. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டும் வரை, பின்னால் வந்த கூட்டத்தைத் தன் முதுகால் தடுத்து நின்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. ஈப்போ சுங்கை செனாம் முகாமைச் சேர்ந்த கலகத் தடுப்புப் போலீஸ் ஐந்தாம் பிரிவினர், நம் திருவிழாக் காவலை முடித்துவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரியில் 18 பேர். சிக்குஸ் - சுங்கை லம்பாம் சாலையில், எதிரே சரளைக்கல் ஏற்றி வந்த லாரி மோதியது. எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள். ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். ஒன்பது பேர். பத்திரிகையில் வந்த படங்களில் அந்தப் பையனின் முகத்தைத் தேடினேன். அடையாளக் கார்டுப் படம் மாதிரி விறைப்பாக இருந்த முகங்களில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மனைவி படத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தச் செருப்பை அவள் அதற்குப் பிறகு போடவில்லை.

இனிதான் பாராட்டு.

கல் லாரி ஓட்டுநரைக் கைது செய்தார்கள். சில நாளில் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் சிறப்புப் பணிக்குழு ஒன்றை அமைத்தார். சாலைப் போக்குவரத்து இலாகாவும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையும் அந்த லாரி நிறுவனத்தின் ஏடுகளைப் புரட்டின. உரிமத்தின் மேல் கை வைத்தார்கள். பணிக்குழுவின் கண்டுபிடிப்பை மூடி வைக்காமல் மக்களுக்குச் சொன்னார்கள். கல் லாரியின் ஸ்டீயரிங் பாகம் பழுதாகியிருந்தது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் கல் ஏற்றப்பட்டிருந்தது. இவ்வளவையும் கண்டுபிடித்துச் சொல்ல அவர்களுக்குச் சில வாரங்கள்தான் பிடித்தன. மாதக் கணக்கில் இழுக்கவில்லை, யாரையும் காப்பாற்றப் பார்க்கவில்லை. நல்ல வேலை. நான் இன்னும் வாத்தியாராக இருந்திருந்தால் சிவப்பு மையில் "மிக நன்று" என்று எழுதியிருப்பேன்.

அந்த அறிக்கைச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். ஸ்டீயரிங் என்ற சொல் வந்த இடத்தில் என் அப்பா ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குச் சனம் கூடுவதற்கு முன்பே அவர் லாரிக்கடியில் இருப்பார். டயரை ஒரு கம்பியால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். காற்று சரியாக இருக்கிற டயர் ஒரு மாதிரி ஒலிக்கும், இறங்கிப்போன டயர் பொத்தென்று வேறு மாதிரி ஒலிக்கும். பிரேக் எண்ணெய் பார்ப்பார். கடைசியாக ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக அசைப்பார். சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் எவ்வளவு தூரம் சும்மா ஆடுகிறது என்று விரலால் அளப்பார். ஒரு விரல் அகலம் ஆடினால் ஓட்டலாம். இரண்டு விரல் ஆடினால் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரு நாள் அப்படி இறங்கிவிட்டார். கணக்கெழுதும் கிராணி வந்து கத்தினார். பால் உறைந்து போய்விடும், யார் பதில் சொல்வது என்று குதித்தார். அப்பா சாவியை அவர் கையில் வைத்து, "நீங்க ஓட்டுங்கய்யா" என்று மட்டும் சொன்னார். துரை ஜீப்பில் வந்து தானே ஏறி ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்த்துவிட்டு, லாரியைப் பட்டறைக்கு அனுப்பச் சொன்னார்.

இதை வைத்துத் தோட்டக் காலம் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லாரி கம்பெனியின் சொத்து, அதனால் துரைக்கு லாரி மேல் அக்கறை. அதே லாரியில்தான் பால் டாங்கிக்குப் பக்கத்தில் எங்களை நிற்க வைத்துத் திருவிழாவுக்குக் கொண்டுபோனார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான் இருந்தது. வளைவில் என் தங்கை ஒரு முறை சரிந்தபோது, யாரோ ஒரு அக்கா அவள் பின்னலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாள். உயிருக்கு மதிப்பு அன்றைக்கும் குறைவுதான். ஆனால் அந்தக் காலத்திலும் வண்டி நகருவதற்கு முன்னால் ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்க்க ஒருவர் இருந்தார். எல்லாப் பழுதும் விரல் அளவில் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிற விரலாவது இருக்க வேண்டும்.

சுமையைக் கண்டுபிடிக்க அந்த விரலும் வேண்டாம். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய், கெராமாட் பூலாய் பக்கம் போகிறவர்களுக்குக் குவாரி லாரிகளைத் தெரியும். அளவுக்கு மேல் ஏற்றிய லாரியின் பின்டயர் அப்பளம் மாதிரி அமுங்கியிருக்கும். மேட்டில் மூச்சு வாங்கும். அதன் பின்னால் போகிற கார்க்காரன் கண்ணாடி உடையுமோ என்று தள்ளியே போவான். எனக்குத் தெரிகிறது, என் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிகிறது, சாலையோரத்தில் அப்பம் விற்கிற அம்மாவுக்குத் தெரிகிறது. அந்தப் பணிக்குழு வாரக் கணக்கில் உழைத்து எழுதியதில் ஒரு பாதி அந்த அம்மாவுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

அதே மே மாதத்தில் இன்னொரு வேகமும் பார்த்தேன். மே 11, ஞாயிறு, அன்னையர் தினம். கிரீக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு - மேற்கு நெடுஞ்சாலையில் விடியற்காலையில் ஒரு யானைக்குட்டி லாரியில் அடிபட்டுச் செத்தது. தாய் யானை லாரியின் முன்னால் தலையை வைத்து முட்டிக்கொண்டே நின்றது. குட்டி அந்த லாரிக்கு அடியில் இருந்தது. அந்தப் படத்தை நாடே பார்த்தது. வனவிலங்கு இலாகாக்காரர்கள் வந்து, தாய்க்கு மயக்க ஊசி போட்டு, அதற்குத் தீங்கு வராமல் அப்புறப்படுத்தினார்கள். ஆபத்தான வேலை, பொறுமையாகச் செய்தார்கள். பாராட்டுகிறேன். அது யானைக் காடு. 1982-இல் அந்தச் சாலை திறந்த நாளிலிருந்தே அங்கே யானை குறுக்கே வருகிறது. இரவில் அங்கே எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதும் அன்றிலிருந்தே தெரிந்த விஷயம்.

அதே நெடுஞ்சாலைதான் ஜூன் 9-ஆம் தேதி மறுபடியும் செய்தியில் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து, திரெங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ், நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், தாசேக் பண்டிங் அருகே கவிழ்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள். 15 பேர் இறந்தார்கள். தெலுக் இந்தான் திருவிழாக் காவலர்கள் இறந்த விபத்துக்கு 27 நாள் கழித்து.

அந்தப் பல்கலைக்கழகம் எங்களுக்கு வெறும் பெயர் இல்லை. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. இன்றைக்குத் தமிழ்ப்பள்ளிகளில் நிற்கிற ஆசிரியர்கள் பலர் அங்கே படித்து வந்தவர்கள். என்னிடம் நான்காம் ஆண்டில் வாய்பாடு சொன்ன பெண் ஒருத்தி அங்கே போய்ப் படித்து, என் கடைசி இரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து வகுப்பிலேயே பாடம் நடத்தினாள். ஜூன் 9 காலையில் செய்தி வந்ததும் அவளுக்குத்தான் போன் போட்டேன். எடுத்தவள் பேசவில்லை. அழுதாள். இறந்தவர்களில் அவளுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. "சார், நானும் இப்படித்தானே ராத்திரி பஸ்ஸில வந்து போனேன்" என்றாள்.

அங்கேயும் வேகத்தைப் பாருங்கள். விபத்து நடந்து அதிக நேரம் ஆகவில்லை, அந்த ஓட்டுநருக்கு ஏற்கெனவே 18 சம்மன் இருந்ததாகப் போலீஸ் சொல்லிவிட்டது. பெரும்பாலானவை வேகமாக ஓட்டியதற்கு. கணக்கு வைப்பதில் நம் போலீசைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டும் தேதி வாரியாக, குற்ற வாரியாக ஏட்டில் இருந்தது. பொத்தானைத் தட்டியவுடன் வந்துவிட்டது. ஒருவருடைய பெயரில் வாங்கிய பஸ் உரிமத்தை இன்னொருவர் குத்தகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்ததையும் உடனே கண்டுபிடித்து, சில நாளில் ரத்து செய்தார்கள். பின்னால் வந்த அறிக்கையும் நேர்மையானது. இறக்கத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம், ஓயாமல் மிதித்துச் சூடேறிப்போன பிரேக், பஸ்ஸுக்குள் பாய்ந்த சாலையோரத் தடுப்பு, இருக்கைப் பெல்ட் என்று ஒன்றையும் விடாமல் எழுதினார்கள்.

பதினெட்டுச் சம்மனை நான் இப்படி யோசிக்கிறேன். வகுப்பில் ஒரு பையன் பதினெட்டு முறை வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறான். வாத்தியார் பதினெட்டு முறையும் அதை ஏட்டில் அழகாகக் குறித்து வைக்கிறார். ஒரு முறைகூட அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, பெற்றோரை அழைக்கவில்லை. வருஷக் கடைசியில் பையன் தோற்ற அன்று ஏட்டைத் திறந்து பதினெட்டையும் வாசிக்கிறார். அந்த வாத்தியாரின் கையெழுத்தை நான் பாராட்டுவேன். அவரை இன்னொரு வகுப்புக்கு அனுப்ப மாட்டேன்.

இதுவும் புதிதில்லை. 2007 ஆகஸ்ட் 13, இதே பேராக்கில், புக்கிட் கந்தாங் அருகே வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் விடியும் முன்பு ஒரு விரைவு பஸ் கவிழ்ந்து, இருபது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அப்போதும் ஓட்டுநரின் பெயரில் கட்டாத சம்மன்கள் இருந்ததை, பிடிவாரண்ட்கூட இருந்ததை, விபத்துக்குப் பிறகு மிக விரைவாகக் கண்டுபிடித்தார்கள். பதினெட்டு வருஷத்தில் கம்ப்யூட்டர் எவ்வளவோ மாறிவிட்டது. கண்டுபிடிக்கிற நேரம் மட்டும் மாறவில்லை, அதே இறந்த பிறகுதான்.

விதி எழுதியவர்களையும் நான் பாராட்டாமல் போக முடியாது. கனரக வாகனங்களில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகவிடாத கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்று 2015-லிருந்தே, புதிதாக வரும் வண்டிகளுக்கு, நம் நாட்டில் விதி இருக்கிறது. ஐரோப்பாவில் இது 1994-இல் வந்துவிட்டது. அவர்களுக்குப் பிந்தினாலும் நம் ஆட்கள் நல்ல விதிதான் எழுதினார்கள். முன்யோசனை உள்ள யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பத்து வருஷம் கழித்து, இரண்டு விபத்துக்குப் பிறகு, 2025 அக்டோபர் 1 முதல் அந்தக் கருவி உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதித்துச் சான்று காட்ட வேண்டும் என்று, கட்டங் கட்டமாக, உத்தரவு வந்தது. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். இருக்கிற கருவியைச் சோதிக்க எடுத்த முடிவுதான் இது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே போல அந்த ஆண்டு ஜூலை 1 முதல் விரைவு பஸ்ஸிலும் சுற்றுலா பஸ்ஸிலும் பயணிகள் பெல்ட் போட வேண்டும், போடாவிட்டால் 300 வெள்ளி அபராதம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் மகளைப் பார்க்க ஈப்போ அமன்ஜெயா நிலையத்திலிருந்து ஜொகூருக்கு இரவு பஸ் ஏறினேன். புறப்படுவதற்கு முன் ஓட்டுநர் எழுந்து நின்று, எல்லாரும் பெல்ட் போடுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு, வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். என் இருக்கையில் பெல்ட்டின் ஒரு முனை மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் புதைந்திருந்தது. விரலை விட்டு இழுத்தேன். பிஸ்கட் தூளும் ஒரு பழைய டிக்கெட்டும் கூடவே வந்தன. பூட்டுகிற இரும்பைப் பார்த்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. தொழிற்சாலையில் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறை அதன் மேல் கிழியாமல் இருந்தது. மெத்தை தேய்ந்து நிறம் போயிருந்தது. முன்னிருக்கையின் முதுகில் எத்தனையோ பேருடைய தலை எண்ணெய்க் கறை. அத்தனை வருஷம் அந்த இருக்கையில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்! பெல்ட்டின் உறையைக் கிழித்த முதல் ஆள் நான். நகத்தால் உரித்து, பூட்டினேன். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இரண்டு நொடி வேலை. ஜொகூர் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பொறுமையையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் சாலையில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் காலையில் நின்று பாருங்கள். ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளில் அப்பா, அம்மா, நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை, முன்னால் புத்தகப்பையோடு இன்னொன்று. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தோட்டம் இருந்தவரை பள்ளி லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டம் போன பிறகு பள்ளி எங்கோ, வீடு எங்கோ, வேலை எங்கோ. நடுவில் ஓடுகிற பொது பஸ் எத்தனை என்று அந்த வழியில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். பெண்கள் இருட்டோடு ஃபேக்டரி பஸ் ஏறுகிறார்கள். அந்த பஸ்ஸின் டயரை யாராவது தட்டிப் பார்த்தார்களா என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்டால் வேலை என்ன ஆகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. இந்தப் பொறுமைக்கு நிகர் இல்லை. அதன் மேல்தான் அந்த லாரிகள் எல்லாம் ஓடுகின்றன.

நடந்த பிறகு விதி என்கிறோம் நாம். தக்டிர் என்கிறார்கள் மலாய்க்காரர்கள். ஆறுதலுக்காகச் சொல்வது, சொல்லட்டும். ஆனால் அளவுக்கு மேல் ஏற்றிய கல்லுக்கும் பதினெட்டுச் சம்மனுக்கும் நான் அந்தப் பெயரை வைக்க மாட்டேன். அவற்றை ஏற்றியதும் எழுதியதும் மனிதக் கை.

இலாகாவில் இருக்கிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களால் முடியும் என்பதை 2025 மே, ஜூன் மாதங்கள் காட்டிவிட்டன. கண்டுபிடிக்கத் தெரிகிறது, ரத்து செய்யத் தெரிகிறது, சொல்லத் தெரிகிறது. யாரும் சாகாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், குவாரி வாசலில், பஸ் நிலையத்தில், ஃபேக்டரி கேட்டில், இதே வேகத்தோடு ஒரு முறை வந்து நில்லுங்கள். ஒரு லாரியின் ஸ்டீயரிங்கை அசைத்துப் பாருங்கள். இரண்டு விரல் ஆடினால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களைப் பாராட்டி இன்னொரு கட்டுரை எழுதுகிறேன்.